ராக்கெட்டில் எழுந்து நின்றவர்

மாத்தளையில் என் வயதுக்காரர்கள் யார் வீட்டுக்காவது போய், பழைய படங்கள் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். கல்யாணப் படம், காதுகுத்துப் படம், பள்ளிக்கூடத்தில் வரிசையாக நிற்கவைத்து எடுத்த படம் எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து அந்த ராக்கெட் படம் வெளியே வரும். வெள்ளிப் பூச்சு அடித்த தகர ராக்கெட். அதற்குள் ஒரு குடும்பம். பின்னால் கறுப்புத் துணியில் சுண்ணாம்பால் வைத்த நட்சத்திரங்கள். அந்தக் குடும்பத்தார் முகத்தில் சந்திரனுக்குப் போகிற களை கொஞ்சமும் இருக்காது. பல் பிடுங்க வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். அசையக் கூடாது என்று படம் எடுப்பவன் சொல்லியிருப்பான், இவர்கள் மூச்சையே விட்டிருக்க மாட்டார்கள்.

எங்கள் வீட்டுப் படம் மட்டும் அப்படி இல்லை. அதில் ஒருவர் அசைந்துவிட்டார். அவர் என் அப்பா.

அதற்கு முன்னால் அந்த ராக்கெட்டைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இப்போது உள்ள பிள்ளைகள் அதைக் கேலி செய்கிறார்கள். என் மகன் வெளிநாட்டுப் பூங்காக்களை எல்லாம் போனில் பார்த்தவன். எங்கள் படத்தைப் பார்த்துவிட்டு, "இது என்னம்மா, தார் பீப்பாவுக்கு மூக்கு வச்ச மாதிரி இருக்கு?" என்றான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நிஜமான ராக்கெட்டில் ஏறியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எங்கள் தகர ராக்கெட்டில் தேயிலை எடுக்கிறவர்கள் ஏறினார்கள், மிளகு வியாபாரி ஏறினார், வஹகோட்டை தேவாலயத்திலிருந்து சாமியாரோடு வந்த கூட்டம் ஏறியது. எது பெரிய ராக்கெட் என்று நீங்களே சொல்லுங்கள்.

எழுபதுகளின் கடைசி வருஷங்களில், தேர்த் திருவிழா முடிந்து ஊர் கொஞ்சம் மூச்சு வாங்குகிற நேரமாகப் பார்த்து, லொறிகளில் அந்தக் கார்னிவல் வந்து கிரவுண்டில் இறங்கும். ராட்டினமும் மரணக் கிணறும் எல்லாக் கார்னிவலிலும் உண்டு. இதில் எதிர்காலமும் இருந்தது. வாசலில் மூங்கில் வளைவு கட்டி, கலர் பல்பால் 2000 என்று எழுதியிருப்பார்கள். கடைசிச் சைபரில் பல்புகள் அடிக்கடி அணைந்துபோகும். அந்த மாதிரி நாட்களில் நாங்கள் இருநூறாம் ஆண்டுக்குள் நுழைவோம்.

உள்ளே எண்ணெய் டின்களால் செய்த ஒரு ரோபோ நின்றது. கண்ணுக்குச் சிவப்பு பல்பு. எதைக் கேட்டாலும் சிங்களத்தில் பதில் சொல்லும். ஒரு நாள் தோட்டத்திலிருந்து வந்த அக்கா ஒருத்தி, "எம் புருசன் எப்பங்க குடிய விடுவாரு?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டாள். ரோபோ கொஞ்ச நேரம் சும்மா நின்றது. பிறகு டின்னுக்குள்ளிருந்து, "அது எனக்கும் தெரியாதுங்க" என்று நல்ல தோட்டத்துத் தமிழில் ஒரு குரல் வந்தது. பக்கத்தில் முகம் பார்த்துப் பேசும் டெலிபோன் என்று இரண்டு பெட்டிகள் இருந்தன. கண்ணாடியை எப்படியோ சாய்த்துவைத்து அந்தப் பக்கத்து ஆளை இந்தப் பக்கம் காட்டினார்கள். அவர்கள் சொன்னதில் அது ஒன்றுதான் பலித்தது. ஆனாலும் அந்தப் பெட்டிக்குள் தெரிந்த முகங்களைப் பார்த்து நான் அடைந்த சந்தோஷத்தை என் போன் இன்றுவரை தரவில்லை.

எல்லாவற்றுக்கும் நடுவில் ராக்கெட்டுகள். ஒரு பெரிய இரும்புத் தூண், அதிலிருந்து நீண்ட கைகள், ஒவ்வொரு கையின் நுனியிலும் நாலு பேர் உட்காரும் ஒரு ராக்கெட். டீசல் என்ஜின் இரைய இரையக் கைகள் சுற்றும், சுற்றச் சுற்ற மேலே எழும். இதை யோசித்து, தகரம் வெட்டி, ஆணி அடித்து, வெள்ளி பூசி, மலை வளைவுகளில் லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. யாராக இருந்தாலும் அவர்கள் கைக்கு ஒரு கும்பிடு.

என் அப்பா பஸ் கண்டக்டர். மாத்தளையிலிருந்து நாவுலைக்குப் போய் வருகிற அரசாங்க பஸ். அவர் பஸ்ஸில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. காலியாக ஓடினாலும் நின்றுகொண்டுதான் வருவார். ஏன் என்று ஒரு தரம் கேட்டேன். "சீட்டு பயணிங்களுக்கும்மா. எனக்குச் சம்பளம் நிக்கிறதுக்கு," என்றார். லீவு நாளில் எங்களோடு பஸ்ஸில் ஏறினாலும் அதே கதைதான். எங்களை உட்காரவைத்துவிட்டு அவர் பாதையில் நின்றுகொள்வார். வீட்டில் தேத்தண்ணீர் குடிப்பதுகூடக் குசினி வாசலில் நின்றுகொண்டுதான். கல்யாணத்தன்று மணவறையில் உட்கார்ந்ததோடு சரி என்று அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அந்தக் காலத்து பஸ்களில் கூரையை ஒட்டி ஒரு மணிக்கயிறு ஓடும். கண்டக்டர் அதை ஒரு தரம் இழுத்தால் நிறுத்து, இரண்டு தரம் இழுத்தால் போகலாம். அப்பாவின் வலது கை எந்நேரமும் அந்தக் கயிற்றுக்குக் கீழேயே இருக்கும். இழுக்கிற விதத்தை வைத்தே அது அப்பாவின் பஸ் என்று சந்தியில் நிற்கிறவர்கள் கண்டுபிடிப்பார்கள் என்று டிரைவர் மாமா சொல்வார். மற்றவர்கள் வெடுக்கென்று இழுப்பார்களாம். அப்பா பசுவுக்குப் பால் கறக்கிற மாதிரி இழுப்பாராம்.

ராக்கெட்டில் ஏற ஆசைப்பட்டது அப்பா இல்லை, நானும் இல்லை. அம்மா. எதையும் வேண்டும் என்று கேட்டுப் பழக்கமில்லாதவள், கிரவுண்டில் அந்தத் தூணுக்குக் கீழே நின்று கழுத்து வலிக்கும்வரை மேலே பார்த்துவிட்டு, "எனக்கு அதுல ஏறணும்ங்க," என்றாள். அப்பாவுக்கு நம்ப முடியவில்லை. எங்களோடு பக்கத்து வீட்டு மாமியும் வந்திருந்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கி விற்கிற முஸ்லிம் நானாவின் மனைவி அவர். அம்மா அவரை அக்கா முறையில் ராத்தா என்பாள், எனக்கு மாமி. அம்மா ஏறுவதென்றால் தானும் ஏறுவேன் என்று மாமி நின்றுவிட்டார். நானா மட்டும், "எனக்குத் தரையே போதும்," என்று எங்கள் எல்லோருடைய செருப்பையும் வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டார்.

முன் சீட்டில் நானும் மாமியும், பின்னால் அப்பாவும் அம்மாவும். டிக்கெட் கேட்டு ஒருவன் வந்தான். வாழ்நாள் முழுக்க மற்றவர்களிடம் டிக்கெட் கேட்ட மனுஷனிடம் இன்னொருத்தன் டிக்கெட் கேட்கிறான். அப்பாவுக்கு அது பிடித்திருந்தது. கிழித்துக் கொடுத்த பாதியைத் திருப்பிப் பார்த்து, சரியாகக் கிழித்திருக்கிறான் என்று தலையாட்டி, பையில் போட்டுக்கொண்டார். சுருக்கம் விழாத சட்டையோடு சீட்டில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். வேறு யாரோ போல இருந்தார்.

லவுட்ஸ்பீக்கரில் முதலில் சிங்களத்திலும் பிறகு தமிழிலும் சொன்னார்கள். இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் புறப்படுகிறோம், கையையும் தலையையும் உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் படம் எடுப்பவன் காமிராவோடு குனிந்தான். என்ஜின் உறுமியது. ராக்கெட் ஒரு குலுக்கல் குலுக்கி நகர்ந்தது.

அப்பா எழுந்து நின்றுவிட்டார்.

வண்டி நகர்ந்தால் எழுந்து நிற்க வேண்டும் என்று அந்த உடம்புக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நின்றதோடு வலது கை மேலே போனது. அங்கே கூரையும் இல்லை, கயிறும் இல்லை. சந்திரனுக்குப் போகிற பாதையில் கை வெறும் காற்றைப் பிடித்து மூடிக்கொண்டது. அம்மா அலறாமல், ஒரே பாய்ச்சலில் அவர் சட்டையை நெஞ்சோடு சேர்த்துக் கொத்தாகப் பிடித்தாள். அந்த நேரம் பார்த்துக் காமிராவில் பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. என்ஜின்காரன், "மஹத்தயா, வாடிவென்ன! வாடிவென்ன!" என்று உட்காரச் சொல்லிச் சிங்களத்தில் கத்தினான். அம்மாவின் கை பட்டதுமே அப்பாவுக்குத் தான் என்ன செய்திருக்கிறோம் என்று புரிந்து சிரிப்பு வந்துவிட்டது. உட்கார்ந்த பிறகும் இறங்கும்வரை அதை நிறுத்தவில்லை. தொட்டில் பழக்கம் என்று சொல்கிறோமே, அதற்கு பஸ் பழக்கம் ஒன்றும் இளைத்ததில்லை.

மேலே போனோம். காற்று முகத்தில் அடித்தது. மாமி கண்ணை மூடிக்கொண்டு ஓதிக்கொண்டே வந்தார். நான் பயத்தில் அழுதேனா சிரித்தேனா என்று நினைவில்லை. அம்மா ஒருத்திதான் பயப்படாமல் எட்டிப் பார்த்து, "அந்தா நம்ம வீட்டுக் கூரை. அந்தா ஒங்க பஸ்ஸு," என்று கைகாட்டிக்கொண்டே வந்தாள். அதற்கு முன்னும் பின்னும் அம்மாவை நான் அவ்வளவு அழகாகப் பார்த்ததில்லை.

படம் வந்தபோதுதான் எல்லாம் தெரிந்தது. கண்ணாடி போலத் தெளிவாக விழுந்திருந்தது. அப்பா வாய் நிறையச் சிரிப்பு தொடங்குகிற முகத்தோடு, கையை உயர்த்தி, இல்லாத மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அம்மாவின் கை அவர் சட்டையில். முன்னால் நான் திறந்த வாயோடு. மாமியின் முக்காடு நழுவித் தோளில் கிடக்கிறது, முடி காற்றில் பறக்கிறது. அப்பா வீட்டுக்கு ஒன்றாக இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை மாமியிடம் கொடுத்தார். மாமி அதைப் பார்த்த வேகத்தில் கவிழ்த்துவிட்டார். நாங்கள் எங்கள் பிரதியை உள்ளறையில் கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினோம். "ராக்கெட்டுக்கும் ஒரு கண்டக்டர் வேணும்தானே," என்று வருகிற சொந்தக்காரர்களிடம் அப்பா காட்டுவார். "ரெண்டாயிரத்துல பஸ்ஸெல்லாம் பறக்குமாம். நடுவானத்துல மணி அடிச்சா எங்க எறங்குறதுன்னுதான் யோசிக்கிறேன்."

இரண்டாயிரமும் வந்தது. பஸ் பறக்கவில்லை. யுத்த காலத்துச் சோதனைச் சாவடி வந்ததும் எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையாக நடந்துபோய், அந்தப் பக்கம் காலி பஸ்ஸில் மறுபடி ஏறினோம். ஒவ்வொரு தரமும் எனக்கு அந்த லவுட்ஸ்பீக்கர் குரல் ஞாபகம் வரும். அவர்கள் எங்களை ஏமாற்றினார்கள் என்று நான் நினைத்ததே இல்லை. இப்படி ஒரு இரண்டாயிரம் இருக்கிறது, எல்லோரும் போகலாம், தமிழிலும் சொல்வோம் என்று ஒருவர் மைக்கில் கூப்பிட்டதே அந்த நாட்களில் பெரிய மரியாதை.

எண்பத்து மூன்றாம் வருஷம் ஆடி மாதத்துக் கலவரத்தில் எங்கள் வீட்டை எரித்தார்கள். நாங்கள் மாமியின் வீட்டுப் பின்னறையில் இருந்தோம். உள்ளே யார் என்று கேட்டு வந்தவர்களிடம், "எங்கட ஊட்டு ஆக்கள்தான்," என்று நானா வாசலை விட்டு அசையாமல் நின்றார். தரை போதும் என்றவர் அந்தத் தரையில் நின்ற நிலையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அப்பா அன்று நாவுலையில். டிரைவர் மாமா சிங்களவர், அப்பாவைத் தன் வீட்டிலேயே வைத்திருந்து, ஊர் அடங்கிய பிறகு தன் சாரத்தை அவருக்குக் கட்டிவிட்டுக் கூட்டிக்கொண்டு வந்து விட்டார். ஓடும்போது அம்மா கையில் எடுத்தது அடுப்பிலிருந்த சோற்றுப் பானை. படங்களை யார் எடுப்பார்கள்? கல்யாணப் படமும் ராக்கெட்டும் கூரையோடு போயின.

அதற்குப் பிறகு கார்னிவலும் வரவில்லை. ஒரு நாள் வேலையிலிருந்து வந்த அப்பா, நாவுலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் அந்த ராக்கெட்டில் ஒன்று கிடக்கிறது, அதற்குள் கோழி அடைத்திருக்கிறார்கள் என்றார். அம்மா நம்பவில்லை. அவளைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார். வெள்ளிப் பூச்சு உரிந்து, மூக்கில் சேவல் நின்றது. அப்போதும் அம்மா, "நாம ஒக்காந்த வண்டியா இருக்குமோ?" என்றுதான் கேட்டாள்.

எரிந்த இடத்திலேயே இரண்டு அறை கட்டி மறுபடி குடியிருக்கத் தொடங்கி, சுவருக்குச் சுண்ணாம்புகூட அடிக்கவில்லை, அப்பா போய்விட்டார். ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்து, நெஞ்சு இறுக்குகிறது என்றார். அம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு, உட்காருங்க, உட்காருங்க என்றாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு சரிந்தார்.

கருமாதிக்கு விளக்கேற்றிவைத்தபோது விளக்குக்குப் பின்னால் வெறும் சுவர். படம் ஒன்றுமே இல்லை. மாமிக்குக் கொடுத்த பிரதியை அவர் அன்றே கிழித்திருப்பார் என்று நினைத்திருந்தோம். அம்மாவின் கூடப் பிறந்தவர்கள் இந்தியாவுக்குக் கப்பல் ஏறியபோது ஒரு கல்யாணப் படத்தைக் கொண்டுபோனார்கள், அவர்களிடமிருந்து பதில் வரவில்லை. அடையாள அட்டை சட்டைப் பையிலேயே கிடந்து வியர்வை குடித்திருந்தது. முகம் இருந்த இடத்தில் மஞ்சள் கறை. அதையும் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தோம்.

எனக்கு வந்த பயத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் முகம் என்னைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. குரல் இருந்தது, காக்கிச் சட்டையின் வாசனை இருந்தது, முகம் மட்டும் பிடிக்குள் நிற்கவில்லை. நான் சின்னவள், மறக்கிறேன் என்று நினைத்தேன். ஒரு நாள் துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா நிறுத்திவிட்டு, "ஒங்கப்பாவுக்குக் கன்னத்துல மச்சம், எடது பக்கமா வலது பக்கமா?" என்று கேட்டாள். எனக்கும் தெரியவில்லை.  வீடு எரிந்த அன்றைக்குக்கூட அம்மா அப்படி அழவில்லை.

வருஷத் திவசம் நெருங்கியபோது அம்மா இதை மாமியிடம் சொன்னாள். மாமி எழுந்து போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு தலையணை உறை. அதற்குள் அந்தப் படம். ஒரு மடிப்பு, ஒரு கீறல் இல்லை.

"எங்கட ஊட்டுக்காரருக்கும் காட்டல்ல," என்றார் மாமி. "என்ட முக்காடு உழுந்து ஈக்குதே. கிழிச்சுப் போடவும் மனசு வரல்ல. அலமாரிக்கு அடியில வச்சேன், பொறகு மறந்தே போச்சு."

அம்மா படத்தை இரண்டு கையாலும் வாங்கினாள். பார்த்ததும் அவளுக்கு முதலில் வந்தது சிரிப்புத்தான். பிறகு அப்பாவின் முகத்தின்மேல் விரலை வைத்தாள். "எடது பக்கம்," என்றாள்.

அப்பாவின் அண்ணன், எனக்குப் பெரியப்பா, அம்மா மாமா என்று கூப்பிடுகிறவர், தோட்டத்திலிருந்து வந்திருந்தார். தம்பிமேல் உயிர். எல்லாம் முறையாக நடக்க வேண்டும் என்கிற மனுஷன். அவர்தான் படத்தை ஸ்டூடியோவுக்கு எடுத்துக்கொண்டு போனார். அந்தக் காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. செத்தவர் படம் என்று கொடுத்தால் போதும், ஸ்டூடியோக்காரர் முகத்தை மட்டும் எடுத்துப் பெரிதாக்கி, தூரிகையால் கோட்டும் டையும் போட்டுவிடுவார். மாத்தளையில் உயிரோடு இருந்தபோது கோட்டுப் போட்டவர்கள் கொஞ்சப் பேர். செத்தவர்கள் எல்லோரும் கோட்டுப் போட்டிருந்தார்கள். கொக்கோ பறித்தவர், முடி வெட்டியவர், மாடு பார்த்தவர், யாருக்கும் விலக்கில்லை. சுவருக்குச் சுவர் மந்திரி சபை மாதிரி இருக்கும்.

படம் சட்டம் போட்டு வந்தது. கறுப்புக் கோட்டு, கழுத்தில் டை, வகிடெடுத்த தலை. வாயை மூடியிருந்தார்கள். ராக்கெட் இல்லை, உயர்த்திய கை இல்லை.

"தொர மாதிரி இருக்கான் எந் தம்பி," என்று பெரியப்பா கண்ணைத் துடைத்தார். பார்த்தவர்கள் எல்லோரும் நல்லாயிருக்கு என்றார்கள். கைவேலை நன்றாகத்தான் இருந்தது, குறை சொல்ல மாட்டேன்.

அம்மா வெகு நேரம் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்காரு மாமா. ஆனா இவருக்கு நான் சோறு போடலையே." பிறகு அந்தக் கோட்டின் நெஞ்சுப் பக்கத்தைத் தடவி, "எங் கை எங்க?" என்று கேட்டாள்.

பெரியப்பாவுக்கு விளங்கவில்லை. அம்மா ராக்கெட் படத்தை எடுத்துக் காட்டினாள். "இந்தா, புடிச்சிருக்கேன்ல. இதையே மாட்டிருவோம்."

"அது எப்பிடிம்மா?" என்றார் அவர். கோபம் இல்லை, பயம்தான். "அதுல நீ இருக்க, புள்ள இருக்கு, அந்தம்மா இருக்காங்க. உசுரோட இருக்கவங்க படத்துக்கு மாலை போடலாமா? ஆகுமா அது?"

 அவரைப் பழமைக்காரர் என்று ஒதுக்க அம்மாவால் முடியாது, ஏனென்றால் அவளும் அதை நம்புகிறவள். என் முகம் இருக்கிற படத்துக்கு அவள் மாலை போட மாட்டாள். மாலை போடாமல் திவசம் செய்யவும் அவளுக்கு மனசு வராது. கோட்டுப் போட்டவருக்கு முன்னால் விளக்கேற்றவும் அவளால் ஆகாது. அப்பாவை நெஞ்சோடு பிடித்து உட்காரவைத்த அந்த ஒரு கைதான் அவளிடம் மிச்சம் இருந்தது, அதையும் தூரிகையால் அழித்துவிட்டார்கள்.

 அன்று சாயங்காலம் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு மாமி வீட்டுக்குப் போனாள். "ராத்தா, அந்தப் படத்த சுவத்துல மாட்டலாம்னு பாக்குறேன். வாறவங்க போறவங்க பாப்பாங்க. ஒங்களுக்கு மனசில்லன்னா வேணாம்," என்றாள்.

மாமி நானாவைப் பார்த்தார். நானா படத்தைக் கையில் வாங்கி, மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார். இத்தனை வருஷம் கழித்து அன்றுதான் பார்க்கிறார். நானும் அம்மாவும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எல்லாரும் மேல போயிட்டீங்க," என்றார் கடைசியில். "செருப்பப் புடிச்சிக்கிட்டு நின்டவன் படத்திலயே இல்ல. வெக்கப்பட வேண்டியது நான்தான்."

மாமி சிரித்துவிட்டு அம்மாவின் கையைப் பிடித்தார். "மாட்டு, புள்ள. நான் ஒசரத்துல ஏறின ஒரே நாளு அது. பாக்குறவங்க பாக்கட்டும்."

திவசத்தன்று காலையில் பெரியப்பா வாழையிலையில் சுற்றிய பெரிய மாலையோடு வந்தார். சுவரில் கோட்டுப் படம் இல்லை. அதே சட்டத்தில் ராக்கெட் படம் தொங்கியது. கீழே குத்துவிளக்கு, தலைவாழை இலை, அப்பாவுக்குப் பிடித்த பருப்பு வடை. பெரியப்பா மாலையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். என்னையும் அம்மாவையும் பார்த்தார். 

"அத வைக்காதீங்க மாமா," என்றாள் அம்மா. "நான் கட்டி வச்சிருக்கேன்."

அவள் கையில் இருந்தது மாலை இல்லை. மல்லிகைச் சரம், ஒற்றைச் சரம், ஒரு முழம்கூட இருக்காது. அப்பா அன்றைக்கு உட்கார மறுத்த அதே ஸ்டூலைப் போட்டு ஏறினாள். சரத்தின் ஒரு நுனியை மேலே ஆணியில் கட்டினாள். மற்ற நுனியைக் கண்ணாடியின்மேல் நேராகத் தொங்கவிட்டாள். அது இறங்கி வந்து, அப்பா காற்றில் மூடி வைத்திருந்த கைக்குள் சரியாக நின்றது. அந்த இடத்தில் சந்தனத்தைத் தொட்டு ஒட்டினாள். அப்பாவின் நெற்றியில் மட்டும் ஒரு பொட்டு வைத்தாள். பூ என்மேல் படவில்லை, மாமிமேல் படவில்லை, சட்டையைப் பிடித்திருக்கிற அவள் கையிலும் படவில்லை.

"யாரு கழுத்துலயும் போடலையே மாமா," என்றாள். "அவரு அன்னைக்குத் தேடுனாரு. அதத்தான் குடுத்தேன்."

 பெரியப்பா தம்பியின் பஸ்ஸில் எத்தனையோ தரம் வந்து போனவர். அந்தக் கையையும் பூவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மாலையை விளக்கடியில் வைத்துவிட்டு, தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். கோட்டுப் படத்தைப் போகும்போது அவரே எடுத்துக்கொண்டு போனார். இன்றைக்கும் அது தோட்டத்தில் அவர் வீட்டுச் சுவரில் இருக்கிறது, மாலை மரியாதையோடு.

அம்மா ஸ்டூலை விட்டு உடனே இறங்கவில்லை. படத்தில் சிரிக்கிற முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். கீழே நின்ற நான், அவள் அழுகிறாள் என்று நினைத்துக் கையை நீட்டினேன். அவள் அழவில்லை. இரண்டு விரலால் அந்தப் பூச்சரத்தைப் பிடித்து, பூ உதிராமல், அப்பா இழுக்கிற மாதிரியே மெதுவாக இழுத்தாள்.

ஒரு தரம் இழுத்தால் நிறுத்து. அம்மா இரண்டு தரம் இழுத்தாள்.